எங்கள் ஊர் ஏரியில் கூடு கட்டும் நாரைகளை ஆண்டு முழுவதும் காப்பது எப்படி?

கேள்வி: மதுராந்தகம்வாசி

அனைவருக்கும் வணக்கம். மதுராந்தகம் வட்டத்திலுள்ள எங்கள் சிற்றூர் ஏரியின் நடுவே நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில், சென்ற ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டின. இவ்வாண்டு நீர்க்காகங்களும் வக்காக்களும் அவற்றுடன் சேர்ந்துள்ளன. மாலையில் கரையில் நின்று பறவைகள் அடைவதைப் பார்ப்பது ஊராருக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து வருவோர் படமெடுப்பதற்காகத் தண்ணீரில் இறங்கி மரத்தடி வரை செல்கின்றனர். ஒருவர் டிரோன் பறக்கவிட்டபோது மொத்தக் கூட்டமும் கலைந்து எழுந்து, நெடுநேரம் கழித்தே இறங்கியது. இதற்கிடையே, கோடையில் ஏரியைத் தூர்வாரி மரங்களை ஏலம் விடலாம் என்ற பேச்சும் எழுந்துள்ளது. எந்தப் பருவத்தில் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி: நீர்ப்பறவை நேசன்

கூட்டருகே ஆள் போவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். நண்பகல் வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதைக் கரையிலிருந்தே இருநோக்கியில் பார்க்கலாம். அந்நேரத்தில் அது விரட்டப்பட்டால் இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடிவிடும். முட்டையாக இருந்தால் காகம் கொத்திக்கொண்டு போகும். படமெடுப்பவர்களிடம் இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள். கேளாதவர்களிடம், கூட்டையோ முட்டையையோ சிதைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை எடுத்துக் கூறலாம்.

கரையிலிருந்து பார்ப்பதற்கே நிறைய உண்டு. வளர்ந்த நத்தைகுத்தியின் இரு அலகுகளுக்கும் நடுவே இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு அது இராது, வளர வளரத்தான் உண்டாகும். இனப்பெருக்கக் காலத்தில் வெண்மையாக இருக்கும் உடல் மற்ற மாதங்களில் சாம்பல் பூத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளை வாரம் ஒருமுறை அழைத்துச் சென்று குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் ஏரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவைகள் அங்கு வாழ்வதற்கு எழுத்தில் ஒரு சான்று இருந்தால் அதிகாரிகளிடம் பேசுவது எளிதாகும்.

மறுமொழி: வேடந்தாங்கல் பக்கத்து விவசாயி

ஐயா, எங்கள் பகுதியில் பறவைகளைக் காக்கும் வழக்கம் சட்டம் வருவதற்கு வெகு காலம் முந்தையது. சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798இல் அந்தக் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்குத் தனியாக உரம் வேண்டியதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஆயக்கட்டு விவசாயிகளிடம் பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்; நாரைகள் இரை தேடிய இடங்களில் கிடக்கும் காலி நத்தை ஓடுகளையும் காட்டுங்கள், அவை எவ்வளவு நத்தைகளைத் தின்கின்றன என்பது புரியும்.

பறவைகள் வந்து சேரும் நேரத்தில்தான் தீபாவளியும் வருகிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். கரையையொட்டிய தெருக்களிலாவது நீங்களும் இதைத் தொடங்கலாம். மீன்பாசி குத்தகைதாரர், அதாவது ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர், பறவை விரட்ட வெடி போடுவாரானால், அதைத் தடுக்கும் நிபந்தனையை அந்த ஏலத்தின்போதே எழுதிக்கொள்ளுங்கள். அதற்காகக் குத்தகைத் தொகை சற்றுக் குறைந்தாலும் ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

மறுமொழி: ஏரிப்பாசனன்

தூர்வாருவதை எதிர்க்க வேண்டாம். வண்டல் நிறைந்த ஏரி கோடைக்கு முன்பே வற்றி, கடைசியில் பொரித்த குஞ்சுகளுக்கு இரை இல்லாமல் போகும். காலத்தையும் முறையையும் மட்டும் ஊர் முடிவு செய்ய வேண்டும். கடைசிக் குஞ்சு பறந்து சென்றபின் தொடங்கி, அடுத்த மழைக்கு முன் முடித்துவிடுங்கள். ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டிவிடாமல், நாரைகள் நின்று இரை தேடுவதற்கு முழங்காலளவு நீர் நிற்கும் ஓரங்களை விட்டுவிடச் சொல்லுங்கள். எடுத்த மண்ணில் ஒரு பகுதியைக் கொண்டு மரங்களைச் சுற்றித் திட்டு அமைத்து, புதிய நாட்டுக் கருவேலங்கன்றுகளை நடலாம். சீமைக் கருவேலத்திலும் கூடுகள் இருந்தால் அவற்றை ஒரேயடியாக வெட்டாமல், கன்றுகள் மரமானபின் படிப்படியாக அகற்றுவதே நல்லது.

கூடுள்ள மரங்களை ஏலத்திலிருந்து நீக்கக் கோரும் தீர்மானத்தை ஜனவரி 26 கிராம சபையிலேயே நிறைவேற்றி, அதன் நகலை வனத்துறைக்கும் நீர்வளத்துறைக்கும் அனுப்புங்கள். மே 1 கூட்டம் வரை காத்திருந்தால், அதற்குள் ஏல அறிவிப்பு வந்துவிடக்கூடும்.

மதுராந்தகம்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. ஜனவரி கூட்டத்துக்கான தீர்மானத்தை எழுதத் தொடங்கிவிட்டோம். குத்தகை நிபந்தனையை எவ்வாறு சொற்படுத்துவது என்பதற்கு, வேறு ஊர்களில் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல் எவரிடமாவது இருந்தால் இங்கே பதிவிட வேண்டுகிறேன்.