சரிவான மானாவாரி நிலம்: குட்டையை எங்கே வெட்டுவது?

செம்மண்காடு:
பென்னாகரம் பக்கம் 4 ஏக்கர் மானாவாரி. செம்மண், மேற்கிலிருந்து கிழக்கே சரிவு. அப்பா காலத்திலிருந்து நிலக்கடலையும் சாமையும்தான். போன ஐப்பசி மழையில் மேல்காட்டு மண் அடித்துக்கொண்டு வந்து கீழ்வரப்பில் முழங்கால் உயரம் நின்றது. சரிவின் போக்கிலேயே உழுதது என் தப்புதான். இப்போது பண்ணைக்குட்டை வெட்ட நினைக்கிறேன். மேல்மூலையில் வெட்டினால் தண்ணீர் தானாகப் பாயுமே என்கிறார் மாமா. சரியா?

கிணற்றடி:
மேட்டுக்கு மழைநீர் எப்படித் தம்பி ஏறி வரும்? தாழ்ந்த மூலையில் வெட்டுங்கள். 1 ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். 50 மி.மீ. பெய்தால் உங்கள் 4 ஏக்கரில் 8 லட்சம் லிட்டர் விழும். கால்வாசி ஓடிவந்தாலே 2 லட்சம். குட்டைக்கு முன்னால் வண்டல் தங்க ஒரு சின்னக் குழி வேண்டும். அது இல்லாமல் என் குட்டை மூன்றே வருஷத்தில் பாதி தூர்ந்துவிட்டது.

கொள்ளுக்காரன்:
குட்டை அப்புறம் அண்ணா. முதலில் சமமட்டக் கோடு, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் கோடு, குறியுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும், ஒரு நாள் வேலை. அந்தக் கோட்டில் வரப்பு, வரப்பில் வெட்டிவேர். உழவும் அதே போக்கில். மேல் அரை ஏக்கரை உழவே வேண்டாம், கொழுக்கட்டைப் புல்லும் வேம்பும் விடுங்கள். ஆட்டுக்கும் ஆச்சு.

செம்மண்காடு:
அந்த அரை ஏக்கரில் கடலை ஒழுங்காக விளைந்ததே இல்லை, பாறை தெரிகிறது. டியூப் நாளைக்கே வாங்குகிறேன். மாமாவிடம் யார் சொல்வது என்பதுதான் பாக்கி.