‘குறைத்து மதிப்பிடு’ என்ற பிரெஞ்சு வினை: எத்தனை அசை?

தெம்பனிஸ்_அம்மா: மகள் கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் பிரெஞ்சு படிக்கிறாள். ‘ஸு’ (கீழ்), ‘எஸ்திமே’ (மதிப்பிடு) இரண்டும் சிறுகோட்டால் ஒட்டிய வினையை (sous-estimer) ‘ஸுஸ்... எஸ்டிமே’ என்று நிறுத்திச் சொல்கிறாள். சரியா?

மொழிப்பித்தன்: இல்லை. நான்கு அசை: ஸு-ஃஸெஸ்-தி-மே. சிறுகோட்டில் நிற்கவே கூடாது. தனியாக வரும்போது ‘ஸு’வின் கடைசி எஸ் ஊமை. பின்னால் உயிரொலி வந்தால் விழித்துக்கொண்டு அடுத்த அசையில் ஏறிவிடும், அதுவும் இசட் ஒலியாக. மண்டாய் ‘ஃஸூ’ (விலங்குத் தோட்டம்) என்ற சொல்லில் வருவதேதான், தொண்டையில் விரல் வைத்தால் அதிரணும். ‘தி’க்கு முந்தைய எஸ் அதிராது. மெய்யொலி தொடர்ந்தால் ஊமை ஊமைதான்: ஸு-தி-த்ரே, அதாவது படத்துக்கு வசனவரி போடுவது.

பீஷான்_வாசகர்: ‘ட’ வேண்டாம், ‘பத்து’வில் வரும் ‘த்’ போதும், நாக்கு பல்லில் படட்டும். கடைசி ஆர் எழுத்தில் மட்டும். ‘மேய்’ என்று இழுப்பது ஆங்கிலத்தின் கைங்கரியம்.

தெம்பனிஸ்_அம்மா: நன்றி. காலம் மாறினால்?

மொழிப்பித்தன்: ‘ஸு’ அப்படியே இருக்கும், ‘எஸ்திமே’ மட்டும் மாறும். ‘நான்’ வடிவத்தில் ஸு-ஃஸெஸ்-திம், மூன்றே அசை. சிறுகோடு எல்லா வடிவத்திலும் உண்டு. எழுதும்போது விட்டால் பிழை.