தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை ட்ராப் பயிற்சிக்கு ஏற்ப மாற்றலாமா, வேறு வாங்க வேண்டுமா?

திருமங்கலத்தான்:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் நான்கு ஆண்டுகளாக 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி செய்து வருகிறேன். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் சுட்டதைப் பார்த்த நாளிலிருந்து, பறந்து செல்லும் களிமண் தட்டைச் சுடப் பழக வேண்டும் என்ற ஆசை மனத்தை விட்டு அகலவில்லை. வெளியூர்க் களம் ஒன்றில் இரண்டு முறை இரவல் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்ததில், 25 தட்டுகளுக்கு 6 தட்டுகளே உடைந்தன.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து 12 போர் துப்பாக்கி ஒன்று, முறைப்படி அப்பாவின் உரிமத்துக்கு மாற்றப்பட்டு இருக்கிறது. குழல்கள் பக்கவாட்டில் அமைந்த பழைய வகை அது. அதன் கட்டையை, அதாவது தோளில் பதியும் மரப்பகுதியை மாற்றி, தேவையானால் குழலையும் சற்றுக் குறைத்து ட்ராப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா? அல்லது பெரெட்டா, பெரட்சி போன்ற மேல்கீழ்க் குழல் துப்பாக்கியைப் பழையதாகவேனும் வாங்குவதுதான் சரியா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அழகர்மலை அடிவாரம்:

தம்பி, பெயரைப் பார்த்துத் துப்பாக்கி தேடுவதைச் சில மாதங்கள் தள்ளி வையுங்கள். புது மண்டபத்தில் தையற்காரர்கள் வரிசையாக அமர்ந்திருந்த காலத்தில், ஆளை நிற்க வைத்து அளவெடுக்காமல் எவரும் துணியில் கத்தரி வைத்ததில்லை. சட்டைக்கே அப்படியென்றால், தோளிலும் கன்னத்திலும் பொருந்தி நிற்க வேண்டிய துப்பாக்கிக்கு அளவு எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள்.

ரைபிளில் பின்குறியும் முன்குறியும் உண்டு. ஒரே வெடியில் பல சிறு குண்டுமணிகளைச் சிதறவிடும் ஷாட்கன்னில், அதாவது உங்கள் தாத்தாவுடையது போன்ற துப்பாக்கியில், பின்குறி என்று தனியாக எதுவும் இல்லை. உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் கட்டையின் மேல்விளிம்பில் எந்த உயரத்தில் படிகிறதோ, அதுவே கண்ணின் உயரத்தையும், அதன் வழியாகக் குண்டுமணிகள் செல்லும் இடத்தையும் தீர்மானிக்கிறது. கண்ணிலிருந்து குழல் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கன்னம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலே 35 மீட்டரில் குண்டுமணிகள் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் மேலே போகும். தட்டின் குறுக்களவோ 110 மில்லிமீட்டர்தான்.

ட்ராப்பில் தட்டு மேலெழுந்து விலகிச் செல்வதால், குறி வைத்த இடத்துக்குச் சற்று மேலே சுடும்படியாக உயர்ந்த மேல்விளிம்புடன் கட்டை அமைப்பார்கள். அப்போதுதான் தட்டைக் குழலால் மறைக்காமல், அதைப் பார்த்துக்கொண்டே சுட முடியும். வயல்வெளித் துப்பாக்கிகளில் அந்த விளிம்பு தாழ்ந்திருக்கும். தட்டுக்குக் கீழேயே சுட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் முதலில் வாங்கிய பழைய துப்பாக்கியின் கட்டை எனக்கு நீளமாகவும் தாழ்வாகவும் இருந்தது. அது தெரியாமல் ஓராண்டு முழுவதும் கன்னத்தில் கன்றிய தழும்போடு திரிந்தேன். குறை என் கையில்தான் என்று நம்பியிருந்தேன்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். அப்பாவின் முன்னிலையில் துப்பாக்கியை மடித்துத் திறந்து, தோட்டா வைக்கும் இரண்டு அறைகளும் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஆளில்லாத சுவரை நோக்கி நின்று, கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிக் கன்னத்தைப் பதியுங்கள். கண்ணைத் திறக்கும்போது குழல் நுனியில் முன்குறியாக உள்ள மணி நேர் நடுவில் தெரிந்தால் பக்க அளவு பொருந்துகிறது. குழலின் பின்பகுதி மணியை மறைத்தால் விளிம்பு தாழ்வு. மணி இடமோ வலமோ விலகினால் கட்டையின் பக்கச் சாய்வு உங்களுக்கு ஏற்றதில்லை.

களத்தில் இரவல் துப்பாக்கியின் கட்டை மீது மெல்லிய பஞ்சுப்பட்டையை ஒட்டி, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு முறை பெரிய தாளில் சுட்டுப் பார்த்து, எந்த உயரத்தில் குண்டுமணிகள் சரியாக விழுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவு கையில் இருந்தால், விளிம்பை ஏற்றி இறக்கும் வசதியுள்ள எந்தத் துப்பாக்கியையும் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். குழல் நீளம் 30 அல்லது 32 அங்குலம் இருக்கட்டும். சோக் (குழல் நுனியின் உட்குறுக்கம்) பற்றி இப்போது கவலை வேண்டாம்.

பழைய குழல்:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் திருமங்கலத்தார் குழலைக் குறைப்பதாக எழுதியதைப் படித்ததும் பதறிப்போனேன். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, அதற்கென்று உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குழலை வெட்டிக் குறைப்பது குற்றம். ட்ராப்புக்கும் அது எதிரானது. நீண்ட குழல்தான் நிதானமாக வீசித் தட்டைத் தொடரும்.

மேலும் உரிமம் உங்கள் தந்தையார் பெயரில் இருக்கிறது. அதை நீங்கள் தனியாக எடுத்துக்கொண்டு பேருந்து ஏறி ஊர் ஊராகச் செல்ல முடியாது. விளையாட்டுக்காக உங்கள் பெயரிலேயே, துப்பாக்கிச் சுடும் மன்றத்தின் பயிற்சிச் சான்றுகளோடு விண்ணப்பியுங்கள். திருமங்கலத்துக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம். மாநகருக்குள் இருப்பவர்களுக்குக் காவல் ஆணையர் அலுவலகம். கட்டை வேலையையும் உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் மட்டுமே கொடுங்கள்.

இன்னொன்று, அறையின் நீளம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர். இன்றைய ட்ராப் தோட்டா 70 மில்லிமீட்டர். அது உள்ளே நுழைந்துவிடும். ஆனால் சுடும்போது தோட்டா முனையின் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அந்தத் துப்பாக்கியை அளந்து பார்க்கும் வரை ஒரு தோட்டாகூடப் போட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

திருமங்கலத்தான்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குழலைக் குறைக்கும் எண்ணத்தை இப்போதே கைவிட்டேன். அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு கண்மூடிச் சோதனை செய்தேன். மணி தெரியவே இல்லை. குழலின் பின்பகுதிதான் தெரிந்தது. இன்னொரு செய்தியும் தெரிய வந்தது. வலக்கைக்காரனான எனக்கு இடக்கண்தான் ஓங்கியிருக்கிறது, அதாவது இரு கண்ணும் திறந்து குறி பார்க்கும்போது இடக்கண்ணின் பார்வையே முந்துகிறது. ஏர் ரைபிளில் இடக்கண்ணை மறைத்துக்கொள்வதால் இத்தனை நாள் தெரியவில்லை. இதற்கும் கட்டையை மாற்ற வேண்டுமா?

அழகர்மலை அடிவாரம்:

வேண்டாம் தம்பி. 25க்கு 6 என்ற கணக்குக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சுடும்போது அணியும் கண்ணாடியின் இடப்பக்கத்தில், குழல் நுனி தெரியும் இடத்தை மட்டும் மறைக்கும்படி நகக்கண் அளவு மங்கலான ஒட்டுப்பட்டையை ஒட்டுங்கள். இரு கண்களும் திறந்தே இருக்கட்டும். தட்டு கிளம்புவதைப் பிடிக்க இரண்டும் வேண்டும். அந்தப் பட்டையோடு நான்கு சுற்று சுட்டுவிட்டு எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள். கட்டை அளவைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.