பொருள்: 'லெகசி கிளையண்ட்' தமிழில் என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அலுவலக வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-இல் ஓடும் பழைய டொமைனை 2019-க்குக் கொண்டுபோகும் பாடத்தில் நிற்கிறேன். அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் ஒன்றாக நிர்வகிக்கும் டொமைனுக்கு ஆள்களம், சேவை தரும் சர்வருக்கு வழங்கி, அதைப் பெறும் கிளையண்ட்டுக்கு வாங்கி என்று வைத்தாயிற்று. 'பங்ஷனல் லெவல்' (டொமைன் எந்த விண்டோஸ் சர்வர் பதிப்பின் தரத்தில் இயங்குகிறது என்பது), 'லெகசி கிளையண்ட்' (இன்னும் பயன்பாட்டில் இருக்கும் பழைய கிளையண்ட்) இரண்டும்தான் பாக்கி. மூலத்தில் உள்ள வரி: பங்ஷனல் லெவலை உயர்த்தும் முன் லெகசி கிளையண்ட்டுகளைக் கணக்கெடுக்கவும், இல்லையென்றால் அவை அறுந்துபோகும். 'மரபு வாங்கிகள்' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர், மரபு என்றால் காக்க வேண்டியதாயிற்றே, இங்கே கழற்றச் சொல்கிறீர்களே என்கிறார். உதவுங்கள்.

— மொழிபெயர்ப்பாளர், மதுரை

*

அம்மா, மெய்ப்புப் பார்த்தவர் சொன்னது சரி. மரபு வேண்டாம். 'எச்சம்' இருக்கிறதே! "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்" என்கிறது குறள். ஒருவர் போனபின் நிற்பது எச்சம். லெகசிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்காது. இலக்கணத்திலும், முடிவு பெறாமல் இன்னொரு சொல்லை வேண்டி நிற்பதே எச்சம். புதிய வழங்கியோடு சேராமல் நிற்கும் கணினியும் அப்படித்தானே? எனவே 'எச்ச வாங்கி'.

ஆள்களம் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் 'ஆட்களம்' என்று எழுதுகிறார்கள், தவறு. ஆள்களம் வினைத்தொகை, கொல்களிறு போல இயல்பாகவே நிற்கும். ஆண்ட களம், ஆள்கின்ற களம், ஆளும் களம் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

*

ஐயா, குறள் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் பாலிடெக்னிக் இரண்டாமாண்டு வகுப்பில் 'எச்சம்' என்று பலகையில் எழுதினால், காக்கை எச்சத்தைத் தவிர வேறெதுவும் பிள்ளைகளுக்கு நினைவு வராது. அப்புறம் அந்த மணிநேரம் போனதுதான். 'பழங்கணினி' என்று வைக்கலாமே? பழமை + கணினி. ஈறு போய் இனம் மிகுந்தது. நன்னூல் ஒப்பும், மாணவனுக்கும் புரியும்.

— விரிவுரையாளர், திண்டுக்கல்

*

எங்கள் பக்கம் சர்வரைச் சேவையகம் என்றே பாடநூலில் படித்தோம். வழங்கியைக்கூட ஏற்கலாம், வாங்கிதான் இடறுகிறது. யாழ்ப்பாணத்தில் 'வாங்கு' என்றால் உட்காரும் பலகை, போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். 'வாங்கில் இருந்து படி' என்று வளர்ந்த பிள்ளைக்கு 'வாங்கியை ஆள்களத்தில் சேர்' என்றால் ஒரு கணம் திகைப்புத்தான் வரும்.

— யாழ்ப்பாணம்

*

'சேவை' வடசொல் என்பதால்தான் இங்கே வழங்கிக்குப் போனோம். அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. செய்யுளுக்குரிய சொற்கள் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கு என்று தொல்காப்பியம் வகுப்பதே எச்சவியலின் தொடக்கத்தில்தான். பாருங்கள், அங்கேயும் எச்சம்!

— கும்பகோணம்

*

எல்லாருக்கும் வணக்கம். நான் வலையமைப்பு நிர்வாகி. இந்த வேலையை நாள்தோறும் செய்பவன். சொல்லுக்கு முன்னால் அந்த வரியையே திருத்த வேண்டும்.

பங்ஷனல் லெவல் என்பது ஆள்களக் கட்டுப்படுத்திகளை, அதாவது ஆள்களத்தின் பயனர் கணக்குகளை வைத்திருந்து உள்நுழைவைச் சரிபார்க்கும் வழங்கிகளை, மட்டும் பற்றியது. அதை 2016-க்கு உயர்த்தினால், அதற்கு முந்தைய விண்டோஸ் சர்வர் ஓடும் எந்தப் பெட்டியும் அங்கே கட்டுப்படுத்தியாக இருக்க முடியாது; அவ்வளவுதான். மேசைமேல் இருக்கும் விண்டோஸ் 7-க்கு அதனால் எதுவும் ஆகாது. பேரூராட்சியை நகராட்சியாகத் தரம் உயர்த்தினால் தெருவில் உள்ள வீடுகளா மாறிவிடுகின்றன? அதனால் 'செயல்தரம் உயர்த்தல்' என்றே வையுங்கள். பள்ளியையும் ஊராட்சியையும் தரம் உயர்த்துவதாக ஊரே சொல்கிறது, யாருக்கும் விளக்க வேண்டாம்.

பழைய கணினி அறுவதற்குக் காரணம் வேறு. விண்டோஸ் எக்ஸ்பிக்குக் கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையில் (கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறை) முதல் பதிப்பு ஒன்றுதான் தெரியும். சர்வர் 2019-ஐப் புதிதாக நிறுவினால் அந்தப் பதிப்பு உள்ளே இருக்காது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியதே அதன் ஓட்டை வழியாகத்தான். அதைத் திரும்பப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. அடுத்தது கெர்பரோஸ், ஆள்களத்தில் உள்நுழைபவர் யார் என்று சரிபார்க்கும் நெறிமுறை. ஏஇஎஸ் குறியாக்கம், எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவோடுதான் விண்டோஸின் கெர்பரோஸுக்குள் வந்தது. பாதுகாப்புக்காக ஆர்சி4 என்ற பழைய குறியாக்கத்தை நிறுத்திவிட்டால் எக்ஸ்பியால் கெர்பரோஸ் வழியே உள்ளே வர முடியாது. பயனர் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிப்பார், கணினி ஏற்காது. 'நேற்றுவரை வேலை செய்ததே சார்' என்று வந்து நிற்பார்.

இன்னொன்று. நான் பார்த்தவரை பலரும் கணக்கெடுக்க மறப்பது ஜெராக்ஸ் மெஷினை. ஸ்கேன் செய்து பகிர்ந்த கோப்புறையில் போடும் பழைய மெஷின்கள் பல எஸ்எம்பி முதல் பதிப்பையே பேசும். அதுவும் லெகசி கிளையண்ட்தான், ஆனால் கணினி இல்லை. 'பழங்கணினி' என்று எழுதினால் படிப்பவர் மேசைக் கணினிகளை மட்டும் எண்ணிவிட்டு வந்துவிடுவார். இங்கே பழமை என்பது பெட்டியின் வயது இல்லை, அது பேசும் நெறிமுறையின் வயது. 'பழநெறி வாங்கி' என்றால் இரண்டும் வந்துவிடும்.

— கோயம்புத்தூர்

*

பழநெறி என்றால் சமயநெறி போல ஒலிக்கிறது. மரபுக்குச் சொன்ன மறுப்பு இதற்கும் உண்டு. ஆனால் ஜெராக்ஸ் மெஷின் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பழங்கணினியை விலக்கிக்கொள்கிறேன்.

— திண்டுக்கல்

*

நன்றி, எல்லாருக்கும். நாளை கோப்பை அனுப்பியாக வேண்டும். செயல்தரத்துக்கு மறுப்பு வரவில்லை, எடுத்துக்கொண்டேன். மற்றொன்றுக்கு, உடலுரையில் 'பழைய வாங்கிகள்' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'லெகசி கிளையண்ட் எனப்படும்' என்று சேர்த்துவிடுகிறேன். நால்வர் தனிமடலில் இதற்கே சரி என்றார்கள். மூல வரியை இரண்டாகப் பிரித்துவிட்டேன்: செயல்தரத்துக்கு முன் கட்டுப்படுத்திகளைக் கணக்கெடுக்கவும், எஸ்எம்பி முதல் பதிப்பையும் ஆர்சி4-ஐயும் நிறுத்தும் முன் பழைய வாங்கிகளைக் கணக்கெடுக்கவும்.

— மதுரை

*

'பழைய வாங்கி' கலைச்சொல் ஆகாது அம்மா. 'பழைய' குறிப்புப் பெயரெச்சம், 'வாங்கி'யோ வினையெச்சமாகவும் படிக்க இடம் தருவது. 'பழைய வாங்கியை விட்டுவிட்டுப் புதிய வாங்கி வந்தான்' என்று எழுதிப் பாருங்கள், குழப்பம் தெரியும். 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்று நன்னூல் சொல்வதை நானும் ஏற்கிறேன். அதற்காகத் தொடரையே சொல்லாக வைத்துவிட முடியாது. கையேடு போகட்டும். கலைச்சொல் பட்டியலில் 'எச்ச வாங்கி' என் பரிந்துரையாக நிற்கட்டும், மறுப்போடு சேர்த்தே பதியுங்கள்.

— கும்பகோணம்

*

ஐயா, பட்டியலில் பதிந்துவிட்டேன். அம்மா, பயிற்சிப் படிவத்தில் 'கணினிகளின் எண்ணிக்கை' என்ற கட்டத்துக்குக் கீழே ஜெராக்ஸ் மெஷினுக்கும் வருகைப் பதிவுக் கருவிக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுவிடுங்கள்.

— கோயம்புத்தூர்