மறு: மெட்டல் டிடெக்டருக்குத் தமிழில் என்ன? ‘உலோகத் துழாவி’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூன்று வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உலோக உணரி, உலோகங்காணி, உலோகத் துருவி, உலோகநாடி, புதையல்காட்டி என்று ஐந்து சொற்கள் வந்து நிற்கின்றன. போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கருவியை நானே கையில் பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் வயலில் நடந்துவிட்டு வந்தேன். அதனால் இப்போது எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் இங்கிலாந்தில் சஃபோக் பக்கம். என்னோடு வேலை பார்க்கும் ஆங்கிலேய நண்பர் ஒருவருக்குப் பல வருடமாக வார இறுதி என்றால் இந்தக் கருவியோடு வயலில் பழைய பொருட்களைத் தேடி நடப்பதுதான். நிலத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். அவரோடு நான், தஞ்சாவூர் நண்பர் ஒருவர், கிளிநொச்சி அண்ணன் ஒருவர். கோதுமை அறுத்து அரிதாள் மட்டும் நிற்கிற வயல், முந்தின நாள் பெய்த மழையில் மண் நன்றாக ஊறியிருந்தது. ஈரமண் நல்லது என்றார் நண்பர்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். ஒரு நீளத் தண்டு, அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் கம்பிச்சுருள். சுருளில் மாறுதிசை மின்னோட்டம் ஓடும்போது அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது, அங்கே உலோகம் கிடந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது, அது தன் பங்குக்கு எழுப்பும் சிறு காந்தப்புலத்தை இன்னொரு சுருள் பிடித்து நம் காதில் ஒலியாகத் தருகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த மின்காந்தத் தூண்டல்தான். இரும்புக்கு அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி ஒரு ஒலி, வெள்ளிக்கும் செம்புக்கும் கீச்சென்று உயர்ந்த ஒலி. நாணயம் மாதிரிச் சின்னப் பொருள் என்றால் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே பெரும்பாலும் எட்டாது. எனவே இந்தக் கருவி தொடுவதெல்லாம் கலப்பை ஏற்கெனவே புரட்டிப் போட்ட மேல்மண்ணைத்தான். தொல்லியலாளர்கள் மண்ணடுக்கு மண்ணடுக்காக இறங்கிச் செய்யும் அகழாய்வு முற்றிலும் வேறு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இழையில் ஒருவர் இந்தப் பொழுதுபோக்குக்கு ‘அகழ்தேடல்’ என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தார். அகழ் என்ற வேர் வேண்டாம் என்பேன்.

இனி ஐந்து சொற்களுக்கு வருகிறேன்.

உலோக உணரி தவறான சொல் இல்லை. விமான நிலையத்திலும் பெரிய கோயில்களிலும் வாசலில் நிற்கிற சட்டகத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் அது ஒரே இடத்தில் நின்றுகொண்டு, கடந்துபோகிறவரை உணர்கிறது. கையில் பிடிக்கும் கருவியோடு நடக்கிறவன் வேறு வேலை செய்கிறான். உணரி என்பது அதன் அடித்தட்டில் இருக்கும் ஒரு பாகத்துக்கு உரிய பெயர், முழுக்கருவிக்கு அது போதவில்லை.

உலோகங்காணி என்று முன்மொழிந்த ஐயா மீது எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் அன்று காலை வயலோரம் இறங்கியதும் கிளிநொச்சி அண்ணன் கேட்ட முதல் கேள்வியே, “காணிக்காரரிட்டக் கேட்டாச்சோ?” என்பதுதான். ஈழத்தில் காணி என்றால் நிலம், அன்றாடம் வாயில் புழங்கும் சொல். நிலத்தில் வைத்துப் பயன்படுத்துகிற ஒரு கருவிக்குக் காணி என்று முடிகிற பெயர் வைத்தால் அங்கே உள்ளவர்களுக்குக் குழப்பம்தான் வரும். போதாததற்குச் சொல்லைச் சேர்த்துப் படிக்கும்போது, தோட்டத் தொழிலாளரை மேய்த்த கங்காணி காதில் விழுகிறது. மலையகத்திலும் மலேசியத் தோட்டங்களிலும் அந்தச் சொல் சுமந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும்.

உலோகத் துருவி எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. துருவித் துருவிப் பார்ப்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆனால் துருவி என்றதும் எவர் வீட்டிலும் தேங்காய்தான் நினைவுக்கு வரும். அதோடு உலோகம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் துரு வந்து உட்கார்ந்தால் படிப்பவர் மனம் துருப்பிடித்த இரும்புக்குப் போய்விடும்.

உலோகநாடி நல்ல சொல், நோய்நாடி என்பதில் இருக்கிற அதே நாடி. எனக்கு இருக்கும் ஒரே தயக்கம், அந்தப் பெயர் மருத்துவத்துக்கும் சோதிடத்துக்கும் ஏற்கெனவே போய்விட்டது என்பதுதான்.

புதையல்காட்டியைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. இதை முன்மொழிந்தவர் எழுதியிருந்தது:

> தேடுவது புதையல்தானே. மக்களுக்குச் சட்டென்று புரிகிற பெயராக வைத்துவிட்டுப் போகலாமே.

ஐயா, அந்த ஆறு மணி நேரத்தில் நாங்கள் நால்வரும் எடுத்தவை என்னவென்று சொல்கிறேன். குளிர்பான டப்பாவின் இழுப்பு வளையங்கள், வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிப்பாகங்கள், ஒரு குதிரை லாடத்தில் பாதி, ஈயக்குண்டு ஒன்று, பொத்தான்கள். இரும்பு ஆணிகளுக்குக் கணக்கே இல்லை. மாலை நான்கு மணிக்கு என் காதில் ஒரு கீச்சொலி, மெல்லியதாக, ஆனால் எந்தப் பக்கம் இருந்து வீசினாலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப. நண்பர் வந்து கேட்டுவிட்டு, தோண்டு என்று சைகை காட்டினார். புல்லும் தாளுமாக ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்து, கையால் உதிர்த்துப் பார்த்தோம். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் நிறத்தில், அரைநிலா வடிவில் ஒரு தகடு.

வெள்ளிக் காசில் சரிபாதி. தற்செயலாக உடைந்தது இல்லை, வேண்டுமென்றே வெட்டியது. 1247இல் மூன்றாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்தில் பென்னிக் காசின் பின்புறச் சிலுவையை விளிம்பு வரை நீட்டினார்கள். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுப்பதற்காகச் செய்த மாற்றம் அது. சில்லறை தேவைப்பட்டால் மக்கள் அந்தச் சிலுவைக் கோட்டின் வழியே காசை இரண்டாக வெட்டினார்கள், இன்னும் சிறிதாக வேண்டும் என்றால் நான்காக. பாதி வெட்டினால் அரைப் பென்னி, கால் வெட்டினால் கால் பென்னி. நம் ஊர் அரைக்காசு, கால்காசு என்ற சொற்கள் இங்கே கத்தரிக்கோல் வைத்து நறுக்கியது மாதிரி என் உள்ளங்கையில் கிடந்தன. ஒரு பக்கம் அரசனின் சுருள்முடியில் ஒரு பாதி, மறு பக்கம் சிலுவையின் கை, அதன் இரு புறமும் மும்மூன்று புள்ளிகள். வெட்டிய ஓரம் இன்னும் கூர்மையாக இருந்தது. எந்தச் சந்தையில் எதை வாங்க எவர் வெட்டினாரோ என்று நினைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

இது சட்டப்படி புதையலே இல்லை என்பதைக் கவனியுங்கள். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் தனி வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தால் அது பொதுவாகப் புதையல் ஆகாது. 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன் அல்லது வெள்ளிக் காசுகள் ஒன்றாகக் குறைந்தது இரண்டு வேண்டும், அப்போதுதான் 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமை வருகிறது. (புதையலுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும், இடைக்காலத்திலிருந்தே இது அவர் பொறுப்பு.) ஆனாலும் நாங்கள் அந்த அரைக்காசைப் பதிவுசெய்தோம். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் தொல்பொருள் பதிவுத் திட்டத்துக்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் அலுவலர் இருக்கிறார். அவர் எடை பார்த்து, அளந்து, படம் எடுத்து, கிடைத்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இப்படி 15 லட்சத்துக்கும் மேல் பொருட்கள் அந்தத் தரவுத்தளத்தில் ஏறியிருக்கின்றன. காசைவிட, அது எங்கே கிடந்தது என்ற தகவலுக்குத்தான் ஆய்வாளரிடம் மதிப்பு. புதையல் என்று பெயர் வைத்தால் இந்த வேலை முழுவதும் மறைந்துபோகிறது. நம் ஊரில் அந்தச் சொல்லோடு பூதமும் பலியும் போலி மந்திரவாதியும் சேர்ந்தே வருகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். சட்டச் சொல்லாகப் புதையல் இருக்கட்டும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதை நிலத்தில் கண்டெடுத்தால் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் சொல் சரியாக நிற்கிறது. கருவிக்கு வேண்டாம்.

அதே சஃபோக்கில், ஹாக்ஸ்ன் என்ற ஊரில், 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர் இந்தக் கருவியோடு வயலில் இறங்கியது நண்பரான விவசாயி தொலைத்த ஒரு சுத்தியலைத் தேடித்தான். கிடைத்தது 14,000க்கும் மேற்பட்ட ரோமானியக் காசுகளும் பொன் நகைகளும். கொஞ்சம் எடுத்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார், அதனால்தான் பெட்டிக்குள் எது எதற்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருந்தது என்பது வரை தொல்லியலாளர்களால் பார்க்க முடிந்தது. சுத்தியலும் அப்புறம் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால், 1881இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலுக்குள் இருந்த குண்டைத் தேடி கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியைச் செய்து கொண்டுபோனார், கிடைக்கவில்லை. 1941இல் போலந்து ராணுவ அதிகாரி கொசாட்ஸ்கி வடிவமைத்தது கண்ணிவெடிக்காக, அடுத்த வருடம் எகிப்தில் நடந்த அல் அலமேன் போரில் அதைக் கொண்டு பாதை திறந்தார்கள். குண்டு, வெடி, சுத்தியல், அரைக்காசு, எல்லாவற்றுக்கும் ஒரே கருவி. கிடைக்கும் பொருளை வைத்துப் பெயர் சூட்டினால் எங்காவது ஓர் இடத்தில் அது பொய்யாகிவிடும். கை செய்கிற செயலை வைத்துச் சூட்டலாம் என்பது என் எண்ணம்.

அந்தச் செயலுக்கான சொல்லை எனக்குத் தந்தவர் கிளிநொச்சி அண்ணன். காலையில் அவர் காதில் முதல் ஒலி கேட்டதும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் கூப்பிட்டும் நகரவில்லை. பிறகு சொன்னார்: “உது கூவினா எங்கட ஊரில ஒருத்தரும் கால் எடுத்து வைக்கேலாது.” 2009க்குப் பிறகு அவர் குடும்பம் சொந்தக் காணிக்குத் திரும்ப வெடி அகற்றுகிறவர்கள் முடிக்கும் வரை காத்திருந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால், ஒரு மீட்டர் அகலப் பாதையில், அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் முழங்காலிட்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்ததைத் தினமும் பார்த்திருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் அவரே எங்களைவிட நன்றாகச் செய்தார். நான் தட்டை வேகவேகமாக வீசுவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, வீசாதேங்கோ. இருட்டுக்குள்ள கை விட்டுத் தேடுற மாதிரி மெதுவாத் துழாவிக்கொண்டு வாங்கோ,” என்றார்.

துழாவுதல். தரையோடு ஒட்டி, தூக்காமல், இடமும் வலமுமாக, போன வீச்சின் மேல் பாதி ஏறுகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாததைத் தேடுவது. இதற்கு மேல் பொருத்தமாக ஒரு வினை எனக்குத் தோன்றவில்லை. பரணில் கை விட்டுத் துழாவுகிறோம், பைக்குள் சாவியைத் துழாவுகிறோம். பழைய இலக்கிய வழக்கும் உண்டு. நம்மாழ்வார் ‘இருநிலம் கைதுழா’ என்று பாடியிருப்பது, மண்ணைக் கையால் அளைந்து தவிக்கும் ஒரு பெண்ணைத்தான். அகப்பையால் துழாவுவதும் இதே சொல் என்று ஆட்சேபம் வரலாம். வரட்டும், அந்த அசைவும் ஏறக்குறைய இதுவேதான், துருவியைப் போல அது இன்னொரு பொருளின் பெயராக உறைந்துபோகவில்லை.

ஆகவே கருவிக்கு உலோகத் துழாவி, பேச்சில் வெறும் துழாவி. செயலுக்கு உலோகத் துழாவல். செய்பவருக்குத் துழாவுநர், ஓட்டுநர், இயக்குநர் வரிசையில். துழாவர் என்று சுருக்கலாமா என்றும் யோசித்தேன், உழவர் மாதிரிக் காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் இலக்கணம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அடித்தட்டுக்குத் தேடுசுருள். கிடைத்த இடத்துக்குக் கிடைப்பிடம், இதில் எனக்கே முழு நிறைவில்லை. வாசலில் நிற்கும் சட்டகத்துக்கு உலோக உணரி அப்படியே இருக்கட்டும்.

இழையில் உள்ள ஈழத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வன்னியில் வெடி அகற்றும் பெண்கள் பல வருடமாக இந்தக் கருவியைத் தினமும் கையில் பிடித்தவர்கள். தங்களுக்குள் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று யாராவது விசாரித்து எழுதுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு தமிழ்ச்சொல் இருந்தால் என் துழாவியை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சஃபோக்கிலிருந்து