அண்ணாவுக்கு இனிச் சுகம் வராது என்கிறார்கள், நான் எப்படித் தாங்குவது?

முரசுமோட்டைத் தங்கை:

என் அண்ணாவுக்கு 46 வயது. பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது. இனிக் குணப்படுத்த வழியில்லை, வலியில்லாமல் வைத்திருப்பதுதான் சிகிச்சை என்று தெல்லிப்பளைக் கிளினிக்கில் வைத்தியர் எங்களை இருத்திவைத்துப் பொறுமையாகச் சொன்னார். அண்ணாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு விடுவார்கள் என்பதையே பேசிக்கொண்டு வந்தார்.

அப்பா இல்லாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். 2009 இல் போருக்குள் தருமபுரம், விசுவமடு, மாத்தளன் என்று ஓடியபோது போன இடமெல்லாம் பதுங்கு குழி வெட்டியவர் அண்ணா. எறிகணை கூவும்போது என் தலையைத் தன் நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொள்வார். அந்தக் கையில் இன்று மணிக்கூட்டு வார் கடைசி ஓட்டையிலும் நிற்பதில்லை. ஆணியைச் சுடவைத்து இன்னோர் ஓட்டை போட்டுக் கொடுத்தேன்.

பார்க்க வருகிற சனம் அண்ணியைத் தேற்றுகிறது, அம்மாவைத் தேற்றுகிறது. என்னிடம் வந்து, “நீதானே பிள்ளை எல்லாரையும் பார்க்க வேண்டும்” என்று சொல்லிவிட்டுப் போகிறது. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். இரவில் நித்திரை இல்லை. அண்ணா சில வேளைகளில் “எனக்குப் பிறகு” என்று தொடங்குவார். “விசர்க்கதை கதைக்காதே” என்று அம்மா மறித்துவிடுவார். எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அவர் முன்னால் நான் அழுதால் அவர் மனம் உடைந்துவிடுமா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லாவிக்காரன்:

தங்கச்சி, என் அக்காவை மார்புப் புற்றுநோய்க்குக் கொடுத்தவன் நான். எல்லாரும் அத்தானைத்தான் விசாரித்தார்கள். கூடப்பிறந்தவனுக்கும் நோகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே உங்கள் கேள்வி எனக்கு நன்றாக விளங்குகிறது.

அண்ணா தொடங்கினால் பேச விடுங்கள். அம்மாவால் கேட்க முடியாவிட்டால், அவர் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து நீங்களே, “அண்ணா, அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள்?” என்று கேளுங்கள். என் அக்கா சாவைப் பற்றிப் பேசியது குறைவு. பசுமாட்டை யார் பார்ப்பது, மகளின் சடங்கை யார் முன்னின்று செய்வது என்பவைதான் அவருடைய நெஞ்சுக்குள் கிடந்தன. நானும் அவரும் சேர்ந்தே அழுதோம். அதனால் அவர் உடைந்துபோகவில்லை. அழுது முடித்துவிட்டுப் புட்டு கேட்டார்.

உங்கள் காணி அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணியாக இருந்தால், அண்ணாவுக்குப் பிறகு அது யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதிந்தாயிற்றா என விசாரியுங்கள். இல்லையென்றால், அவர் எழுந்து நடக்கிற நாட்களிலேயே பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். “எனக்குப் பிறகு” என்று ஒரு கமக்காரன் சொல்வது பெரும்பாலும் காணியைப் பற்றித்தான் இருக்கும்.

இன்னொன்று. அதே போரில் என் சின்னண்ணாவை வலைஞர்மடத்தில் மண் தள்ளி மூடிவிட்டு ஓடினோம். ஒரு சொல் பேசவில்லை. அக்காவுக்குக் கால் பிடித்துவிட்டேன், தலை வாரிவிட்டேன், பழைய கோபங்களைக்கூடப் பேசித் தீர்த்தோம். இரண்டும் சாவுதான். ஆனாலும் எனக்குள் இரண்டும் ஒரே மாதிரி இல்லை.

ஓய்வுபெற்ற தாதி, கிளிநொச்சி:

பிள்ளை, முதலில் வலியைக் கவனியுங்கள். வலியோடு கிடப்பவரிடம் மனம்விட்டுப் பேச முடியாது. மோர்பின் எழுதித் தந்தால் பயப்பட வேண்டாம். வலிக்கென்று வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் அது உயிரைப் பறிக்காது, போதைக்கு அடிமையாக்கவும் மாட்டாது. வலி வந்த பிறகு ஓடித்திரியாமல், சொன்ன மணிக்குச் சொன்னபடி கொடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் தூங்கி வழிவார், பிறகு அது குறையும். மலச்சிக்கல் மட்டும் தானாக விடாது. அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்காக மல்லுக்கட்டாதீர்கள். நோய் முற்றும்போது உடம்பு உணவை ஏற்காது. சாப்பிடாததால் அவர் போகப்போவதில்லை, நோயால்தான் சாப்பாடு குறைகிறது. இதை அம்மாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள், தாய்மார் அந்தப் பழியைத் தங்கள் தலையில்தான் போட்டுக்கொள்வார்கள்.

உங்களுக்கு நித்திரை இல்லை என்கிறீர்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கம் எதுவும் இல்லை. நடுச்சாமத்தில் தாங்க முடியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு வன்னியான்:

என் தம்பி வவுனிக்குளத்தில் படுக்கையில் இருக்கிறான். எனக்கு வீடியோவில்தான் முகம். “பரவாயில்லை” என்று வீட்டார் மறைத்த நாட்கள்தான் எனக்கு மிகவும் கொடியவை. வெளிநாட்டில் உங்களுக்கு உடன்பிறப்புகள் இருந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். டிக்கெட் போடவும் விடுப்புக் கேட்கவும் நாள் எடுக்கும்.

முரசுமோட்டைத் தங்கை:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுக் கேட்டேன். மல்லாவி அண்ணா சொன்னதுபோல் காணிதான், கூடவே உழவு இயந்திரத்தின் லீசிங் பாக்கியும். கொப்பியில் எழுதச் சொல்லி ஒவ்வொன்றாகச் சொன்னார். என் கண்ணீர் கொப்பியில் விழுந்தது. “எழுத்து அழியும், துடைத்துவிட்டு எழுது” என்றார், சின்ன வயதில் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த அதே குரலில்.

அவருடைய மகனுக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு வயிற்றுக்குத்து என்று சொல்லிவைத்திருக்கிறோம். அவனுக்கு என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற தாதி, கிளிநொச்சி:

உண்மையை அவன் அளவுக்குச் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லலாம். அது தொற்றாது என்றும், அவன் செய்த எதனாலும் வந்ததல்ல என்றும் கட்டாயம் சொல்லுங்கள், இந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிவார்கள். வைத்தியர்களால் இதை மாற்ற முடியவில்லை என்றும் சொல்லுங்கள். அண்ணாவும் அண்ணியும் சம்மதித்தால் அண்ணாவே சொல்வது மிக நல்லது, நீங்கள் பக்கத்தில் இருங்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியருக்கும் தெரிவித்துவையுங்கள்.