அதிகாலை மூன்று மணிப் படபடப்பு: குடிக்கும் மனசுக்கும் நடுவில் பார்த்தவை

ஆலோசனை அறை

குடியைப் பற்றிப் பேச வேண்டும் என்று யாரும் வந்து உட்காருவதில்லை. "விடியக்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, என்னமோ பெரிய தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பாதிப் பேச்சில், போகிற போக்கில், "அது அடங்கத்தான் ராத்திரி கொஞ்சம் போடறேன்" என்று வரும். இப்படி வருகிறவர்களிடம் பார்த்ததையும் சொல்லிக்கொடுத்துப் பலித்ததையும் எழுதுங்கள். யாரையும் அடையாளம் காட்ட வேண்டாம், உங்கள் பதிவின் மேலும் புனைபெயரே போதும்.

அவர்களுக்கு முதலில் விளக்க வேண்டியது அந்தப் படபடப்பின் பிறப்பிடம். மூளையில் இரண்டு ரசாயனங்கள்: காபா அடக்கி வைக்கும், குளூட்டமேட் தூண்டிவிடும். மது காபாவின் கையை ஓங்க வைக்கிறது, குளூட்டமேட்டை அமுக்குகிறது. மூளை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. தூண்டுகிற பக்கத்தை ஏற்றிச் சரிக்கட்டும். போதை இறங்கும்போது மது போய்விடும், ஏற்றிவைத்தது மட்டும் நிற்கும். அதுதான் வியர்வை, படபடப்பு, காரணமில்லாத குற்ற உணர்ச்சி. "என் சுபாவமே பயந்த சுபாவம்" என்று பத்து வருஷமாக நம்பியவருக்கு இதைப் படம் போட்டுக் காட்டினால் முகம் மாறும்.

சொன்னால் நம்பாதவருக்கு நோட்டுதான் மருந்து. நான்கே கட்டம்: எவ்வளவு மில்லி, கடைசி மடக்கு எத்தனை மணிக்கு, முழிப்பு எத்தனை மணிக்கு, படபடப்பு பத்துக்கு எத்தனை. இரண்டு வாரம் எழுதினால் போதும். குடிக்காத நாட்களையும் எழுத வேண்டும், அதைத்தான் விட்டுவிடுவார்கள்.

அளவுக்கோப்பை

அந்த மூன்று மணி எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். மில்லியை மதுச் சதவீதத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.79ஆல் பெருக்கினால் சுத்த மது கிராமில் கிடைக்கும். 40 சதவீதச் சரக்கு 180 மில்லி என்றால் ஏறக்குறைய 57 கிராம். 5 சதவீத பீர் 650 மில்லி என்றால் 26 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்வரைதான் கரைக்கும். இரவு 8 மணிக்குத் தொடங்கிய 57 கிராம், 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் தீரும். முழிப்பு வருகிற நேரம் அதுதான். காபியோ பச்சைத் தண்ணீர்க் குளியலோ கல்லீரலை அவசரப்படுத்தாது.

'அளவாக'க் குடிப்பவர்களுக்கு இன்னொன்று. வழக்கமான கிளாஸில் வழக்கமாக ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். பிறகு, கோடு போட்ட மருந்து மூடியால் அதை அளக்கச் சொல்லுங்கள். 60 என்று நினைத்தது 90 ஆக இருப்பது சாதாரணம். 'ஒரு டிரிங்க்' என்ற சொல்லையும் நம்பக்கூடாது. பிரிட்டனில் அது 8 கிராம், அமெரிக்காவில் 14, உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 10.

இரவு வார்டு

தூக்கத்துக்காகக் குடிப்பதாகச் சொல்பவர்களுக்கு: சீக்கிரம் தூக்கம் பிடிக்கும் என்பது உண்மைதான். முன்பாதி கட்டை மாதிரி கிடப்பார்கள், கனவுத் தூக்கம் அமுங்கியிருக்கும். பின்பாதியில் அது மொத்தமாகத் திரும்பி வரும்: கெட்ட கனவு, அடிக்கடி முழிப்பு, சிறுநீர் முட்டுதல். குறட்டைக்காரர்களுக்கு மூச்சுத் தடையும் கூடும்.

ஆனால் எழுத வந்தது வேறு. நோட்டைப் பார்த்துப் பயந்துபோய் மறுநாளே அடியோடு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் சிலர் அப்படி நிறுத்தவே கூடாது. தினமும் குடித்து, காலையில் கை நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனால் நடுக்கம் நிற்கிறது என்றால் அவர் அந்த வகை. முன்பு நிறுத்தியபோது வலிப்போ மாயக்காட்சியோ வந்தவரும் அப்படியே. ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த தடவை இன்னும் மோசமாக வரக்கூடும். இவர்கள் மருத்துவரைப் பார்த்து, டயஸெபாம் போன்ற மாத்திரையின் துணையோடு, அந்த மாத்திரையின் அளவை நாளுக்கு நாள் குறைத்துத்தான் இறங்க வேண்டும்.

கடிகாரம் இப்படி ஓடும். கடைசி மடக்கிலிருந்து 6 மணி நேரம் தாண்டியதும் நடுக்கம், வியர்வை, குமட்டல். அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் சிலருக்குக் குரல் கேட்கும், உருவம் தெரியும். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். 48 முதல் 96 மணிவரை டெலிரியம் ட்ரெமன்ஸ்: காய்ச்சல், தாறுமாறான நாடித்துடிப்பு, எந்த இடம், எந்த நாள் என்று தெரியாத குழப்பம். உயிரே போகலாம்.

கால் எலும்பு முறிந்து சேர்கிற கேஸ்களில்தான் இது அடிக்கடி மாட்டும். சேர்க்கும்போது குடியைப் பற்றி வீட்டார் வாயே திறக்க மாட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடியும். மூன்றாம் நாள் ராத்திரி ஆள் போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்க ஆரம்பிப்பார். எதிரே நின்று, இரண்டு கை விரல்களுக்கு நடுவில் நூல் பிடித்திருப்பது போல வெறும் காற்றை நீட்டி, "இந்த நூல் என்ன கலர்?" என்று கேட்டால், கூர்ந்து பார்த்து, "வெள்ளை" என்பார். கொடுத்தால் வாங்கியும் கொள்வார். அதற்குள் வெளியே சொந்தக்காரர்கள் "மயக்க மருந்து கொடுத்தே பைத்தியமாக்கிட்டாங்க" என்று சண்டைக்கு நிற்பார்கள்.

மருந்துச்சீட்டு

மேலே சொன்ன கேஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது: தயமின், அதாவது வைட்டமின் பி1. நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் அது வற்றியிருக்கும். குளுக்கோஸை உடம்பு பயன்படுத்த அது தேவை. வெறும் குளுக்கோஸ் டிரிப்பை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் துளியும் செலவாகி வெர்னிக்கி நோய் என்ற மூளைப் பாதிப்பு வெடிக்கலாம். தயமின் ஊசி முதலிலோ, குறைந்தது கூடவேயோ போக வேண்டும். குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு என்று மூன்று அறிகுறி பாடப்புத்தகத்தில் உண்டு. மூன்றும் ஒன்றாகத் தெரிகிற ஆள் அபூர்வம். "இன்னும் போதை தெளியலை" என்று விட்டுவிடுவார்கள். தாமதமானால் கோர்சகாஃப் நிலை: புதிதாக எதுவும் நினைவில் ஒட்டாது, இடைவெளியைக் கற்பனையால் நிரப்பி உண்மை போலவே பேசுவார்.

அடுத்தது, குடிப்பவருக்குத் தெரியாமல் வீட்டார் சாப்பாட்டில் கலக்கும் குடி நிறுத்த மாத்திரை, டைசல்ஃபிரம். கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. அது உடம்பில் மதுவின் சிதைவைப் பாதியில் நிறுத்துகிற மருந்து. அதற்கு மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். கடைசி மடக்குக்குப் பிறகு 12 மணி நேரமாவது கழிந்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம்வரை விளைவு இருக்கும். சில இருமல் டானிக்கிலும் வாய் கொப்பளிக்கும் திரவத்திலும் மது உண்டு. இத்தனையும் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கொடுப்பது வைத்தியமே அல்ல. நால்ட்ரெக்ஸோன் வேறு வகை, குடி தரும் சுகத்தை மங்க வைக்கும். ஓபியம் வகை வலி மருந்து எடுப்பவருக்கு ஆகாது. நிறுத்தியவருக்கு ஆசையை அடக்கக் கொடுக்கும் அகாம்ப்ரோசேட் என்றால் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

தூக்க மாத்திரையும் சரக்கும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம்.

தேவகி

அளவா, வாரம் ஒரு தடவை குடிச்சா மனசுக்கு ஒண்ணும் ஆகாதுதானே?

ஆலோசனை அறை

2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது. மனசுக்கு எவ்வளவு தொந்தரவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். குடிப்பழக்கத்தை எடைபோடும் அதே நிறுவனத்தின் ஆடிட் வினாத்தாளில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தால் பேச வேண்டும், 20 வந்தால் தனியாக நிறுத்தப் பார்க்கக் கூடாது.

மனநல ஓ.பி.

மனச்சோர்வுதான் குடிக்க வைத்ததா, குடிதான் சோர்வைக் கொண்டுவந்ததா என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். இரண்டு கேள்வியில் பாதி தெளியும்: குடி தொடங்குவதற்கு முன்னாலேயே இந்தச் சோர்வு இருந்ததா? மிக நீளமாக நிறுத்தியிருந்த காலத்தில் எப்படி இருந்தார்? மீதி தெளிய இரண்டு முதல் நான்கு வாரம் குடிக்காமல் இருந்து பார்க்க வேண்டும். குடியால் வந்த சோர்வு பெரும்பாலும் அதற்குள் கரைந்துவிடும். கரையாதது தனி நோய், அதற்குத் தனியாக மருந்து வேண்டும். மாத்திரையையும் குடியையும் சேர்த்து ஓட்டிவிட்டு "மாத்திரை வேலை செய்யலை" என்பது வாராவாரம் கேட்கிற வசனம்.

தற்கொலைப் பேச்சு இருந்தால் இந்த நான்கு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றே கூட்டி வாருங்கள். போதையில் சொன்னது காலையில் நினைவில்லை என்றாலும் அது சொன்னதுதான். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள்.

அதிகம் வெளியே வராத ஒன்று: மனைவிமேல் அசைக்க முடியாத சந்தேகம். போனை நோண்டுவது, துணியை முகர்ந்து பார்ப்பது. வாதாடி நிரூபிக்க முடியாது, அடிதடியில் முடியும். மருந்து தேவைப்படுகிற அறிகுறி அது.

அளவுக்கோப்பை

நிறுத்தியவர்களில் சிலர் இரண்டாவது வாரத்திலேயே சறுக்குவார்கள். நடுக்கம் போயிருக்கும், தூக்கம் மட்டும் திரும்பியிருக்காது. அது சீராகப் பல வாரம் பிடிக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பதற மாட்டார்கள். ஆசை கிளம்பினால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக இறங்கும். அந்த அரை மணியை எங்கே, யாரோடு கழிப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். வழக்கமாகக் குடிக்கிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வயிறு நிறையச் சாப்பிடுவது பலருக்கு வேலை செய்கிறது.

இரவு வார்டு

எந்த நோய்க்காகச் சேர்த்தாலும் டூட்டி நர்ஸிடம் தனியாக நான்கு விஷயம் சொல்லிவிடுங்கள்: தினசரி எவ்வளவு மில்லி, கடைசியாகக் குடித்த நாளும் மணியும், முன்பு வலிப்பு வந்ததா, என்னென்ன மாத்திரை. நோயாளி முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். "எப்பவாச்சும் கொஞ்சம்" என்று சொன்னால் கேஸ் ஷீட்டில் எழுத எதுவும் இல்லை.